மூன்று போர்ட், ஒரு வாசல்

2011இல் நான் பொறுப்பில் இருந்த ஓர் அலுவலகத்தில் எல்லோருடைய மானிட்டர் ஓரத்திலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். சம்பளம் 8001, ஸ்டோர்ஸ் 8002, லீவு 8003. பக்கத்திலேயே மூன்று பாஸ்வேர்டு. சர்வர் என்னவோ ஒன்றுதான். அதில் மூன்று வெப் அப்ளிகேஷன்கள் தனித்தனி ப்ராசஸாக ஓடிக்கொண்டிருந்தன. சம்பளம் ஜாங்கோவில் எழுதியது, மற்ற இரண்டும் ஃப்ளாஸ்க். ஒவ்வொன்றுக்கும் சொந்த லாகின், சொந்த லாக் ஃபைல், சொந்த எரர் பக்கம்.

அந்த நாட்களில் அடிக்கடி வந்த புகார் ஒன்று உண்டு. "ஸ்டோர்ஸ்ல வேலை பாத்துட்டு இருக்கும்போது லீவு போடப் போனா, திரும்பி வரும்போது ஸ்டோர்ஸ் வெளியே தள்ளிடுது சார்." இரண்டு நாள் தேடினேன். குக்கிக்குப் போர்ட் எண் கணக்கே இல்லை. 8002 வைத்த குக்கியை பிரௌசர் 8003க்கும் கொண்டுபோய்க் கொடுக்கும். நாமாக மாற்றாவிட்டால் ஃப்ளாஸ்க் அப்ளிகேஷன் எதுவானாலும் அதன் குக்கிக்கு 'செஷன்' என்றுதான் பெயர். ஒன்றின் ரகசியச் சாவி மற்றதிடம் கிடையாது. ஆகவே லீவு அப்ளிகேஷன் தனக்குப் புரியாத அந்தக் குக்கியை மதிக்காமல், அதே பெயரில் தன்னுடையதை எழுதிவிடும். ஸ்டோர்ஸுக்குத் திரும்பினால் அங்கே நம்மை அடையாளம் தெரியாது.

குக்கியின் பெயரை மாற்றியதும் அது தீர்ந்தது. தீராதது வேறு. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை மூன்று இடத்தில் மூட வேண்டும். ஒருவருடையதை இரண்டில் மூடிவிட்டு மூன்றாவதை மறந்துபோனேன். சில மாதம் கழித்து ஸ்டோர்ஸ் லாகில் அவர் பெயரைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. அவர் எதையும் கெடுக்கவில்லை. கெடுத்திருந்தால் தடுக்க என்னிடம் எதுவும் இருந்திருக்காது. ஒரே வேலையை மூன்று இடத்தில் செய்யச் சொன்னால் மனிதர்கள் ஓர் இடத்தை விடத்தான் செய்வார்கள்.

இதற்கான மருந்து அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே பிறந்திருந்தது. 2003 டிசம்பரில் ஃபிலிப் ஜே. ஈபி பைத்தான்காரர்கள் முன் வைத்த பெப் 333 என்ற முன்மொழிவுதான் அது. அப்போது பைத்தானில் ஸோப், க்விக்ஸாட், வெப்வேர், ட்விஸ்டட் வெப் என்று ஃப்ரேம்வொர்க்குகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதற்கு ஒத்துவரும் சர்வரோடுதான் குடித்தனம். ஜாவாவில் சர்வ்லெட் என்ற பொது ஏற்பாடு இருந்தது. பைத்தானில் அப்படி எதுவும் இல்லை. அந்த முன்மொழிவில் ஈபி வகுத்த டபிள்யூ.எஸ்.ஜி.ஐ. என்ற ஏற்பாடு அந்தக் குறையைத் தீர்த்தது. சர்வர் வந்த கோரிக்கையின் விவரங்களை ஒரு டிக்‌ஷனரியில் போட்டு, பதிலைத் தொடங்க ஒரு ஃபங்ஷனையும் சேர்த்துக் கொடுக்கும். அப்ளிகேஷன் இரண்டையும் வாங்கிக்கொண்டு பதிலைத் திருப்பித் தரும்.

இந்த ஏற்பாட்டில் நடுவே ஒருத்தி நிற்கலாம்: தாய்க்கு மகள், மகளுக்குத் தாய். சர்வரின் பார்வையில் அவள் அப்ளிகேஷன். அப்ளிகேஷனின் பார்வையில் அவள்தான் சர்வர். மிடில்வேர் என்பது இதுதான். வெவ்வேறு ஃப்ரேம்வொர்க்குகளை இப்படி ஒரே ப்ராசஸுக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டலாம் என்று அந்த முன்மொழிவிலேயே எழுதியிருக்கிறது. இதே வடிவத்தைத்தான் 2007இல் கிறிஸ்டியன் நோய்கிர்ஷன் ரூபிக்கு ரேக் என்ற பெயரில் கொண்டுவந்தார். 2010இல் நோடுக்குக் கனெக்ட் வந்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது முகவரியை இரண்டாக வெட்டும் முறை. '/ஸ்டோர்ஸ்/பில்/42' என்று ஒரு கோரிக்கை வருகிறது. வாசலில் நிற்கும் மிடில்வேர் '/ஸ்டோர்ஸ்' என்பதை ஸ்கிரிப்ட் நேம் என்ற இடத்துக்கு நகர்த்திவிட்டு, '/பில்/42' என்பதை மட்டும் பாத் இன்ஃபோவில் விடும். உள்ளே இருக்கும் அப்ளிகேஷன் எப்போதும்போல '/பில்/42' என்று படித்து வேலை செய்யும். லிங்க் எழுதும்போது மட்டும் ஸ்கிரிப்ட் நேமை முன்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும். தொண்ணூறுகளின் சி.ஜி.ஐ. காலத்துப் பெயர்கள் இவை, இன்னும் உழைக்கின்றன.

இந்த முறையில் என் மூன்று அப்ளிகேஷனையும் ஒரே ப்ராசஸாகச் சேர்த்துக் கட்டினேன். அந்த ஃபைல் ஒரு பக்கம்கூட வரவில்லை. எல்லாவற்றுக்கும் வெளியே லாக், அடுத்து எரர், அடுத்து லாகின், கடைசியில் வழிபிரிப்பான். லாகின் மிடில்வேர் ஆளைச் சரிபார்த்து, பெயரை ரிமோட் யூசர் என்ற இடத்தில் எழுதிவிடும். ஜாங்கோவுக்கு அதைப் படிக்கத் தெரியும். ஃப்ளாஸ்க் இரண்டுக்கும் சில வரி எழுதினேன். முதல் தடவை லாக்கை லாகினுக்கு உள்ளே வைத்துவிட்டேன். உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிய கோரிக்கைகள் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. கதவைத் தட்டியவர்களின் கணக்குத்தான் காவலுக்கு முக்கியம். வரிசையை மாற்றினேன்.

முதல் நாள் காலை சம்பளப் பக்கம் நிறம், கோடு எதுவும் இல்லாமல் வெறும் எழுத்தாக வந்து நின்றது. சி.எஸ்.எஸ். லிங்குகளெல்லாம் '/ஸ்டாடிக்' என்று வேரிலிருந்து எழுதப்பட்டிருந்தன. இந்த முகவரி முழுக்க நமக்குத்தான் என்று நம்பி எழுதிய அப்ளிகேஷன் அப்படித்தான் தடுமாறும். மதியத்துக்குள் சரியாயிற்று. அந்த வாரமே மானிட்டர் ஓரச் சீட்டுகள் குப்பைக்குப் போயின. ஒருவர் வேலையை விட்டால் ஓர் இடத்தில் மூடினால் போதும்.

இன்று அதே வேலையை ஃபாஸ்ட்ஏபிஐயில் 'மவுன்ட்' என்று ஒரே வரியில் செய்துவிடலாம். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: தொடக்கத்தில் டேட்டாபேஸைத் திறக்க எழுதிவைத்த லைஃப்ஸ்பேன் வேலை தலைமை அப்ளிகேஷனுக்கு மட்டுமே நடக்கும், கீழே மவுன்ட் செய்தவற்றுக்கு நடக்காது.

ஆனால் பெரிய மாற்றம் வேறு. சேர்த்துக் கட்டியவற்றைப் பல இடங்களில் மறுபடியும் பிரித்துவிட்டார்கள், நானும் பிரித்திருக்கிறேன். ஒரு பைத்தான் ப்ராசஸுக்குள் ஒரு லைப்ரரியின் இரண்டு வெர்ஷன் சேர்ந்து வாழ முடியாது. ஸ்டோர்ஸுக்குப் புதியது வேண்டும், சம்பளம் பழையதை விடாது என்ற நிலை வந்தபோது கண்டெய்னர்தான் வழி. ஒன்றில் மெமரி கசிந்தால் மூன்றும் படுத்துவிடும் பயமும் அதோடு போயிற்று. பொது மிடில்வேர் மறையவில்லை, ப்ராசஸை விட்டு வெளியேறி வாசலுக்கு நகர்ந்திருக்கிறது. வாசலில் நிற்கும் என்ஜின்எக்ஸ் சர்வர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் லாகின் சர்வீஸைக் கேட்டுவிட்டே உள்ளே விடும். ட்ராஃபிக் என்ற இன்னொரு வாசல் சர்வரில் இப்படிப்பட்ட வேலைகளுக்குப் பெயரே மிடில்வேர்தான். அது முகவரியின் முன்பகுதியை வெட்டும்போது, வெட்டியதை ஒரு ஹெடரில் எழுதி அனுப்புகிறது. பழைய ஸ்கிரிப்ட் நேம் வேலைதான்.

மூன்று நான்கு அப்ளிகேஷன், இரண்டு பேர் கொண்ட குழு என்றால் இன்றும் ஒரே ப்ராசஸைத்தான் சொல்வேன். அங்கே ரிமோட் யூசரை வெளியாள் யாரும் எழுத முடியாது. வாசல் வெளியே போனபின் பெயர் ஹெடரில் வருகிறது. ஹெடரை யாரும் எழுதலாம். சென்ற மாதம் ஒரு கண்டெய்னரின் போர்ட், சோதனைக்கென்று திறந்தது, மூடாமலே கிடந்தது. வாசலைத் தொடாமல் நேராக அதற்கு, மேலாளர் பெயரை ஹெடரில் போட்டு ஒரு கோரிக்கை அனுப்பிப் பார்த்தேன். எல்லோருடைய சம்பளமும் திரையில் வந்தது. அந்தப் போர்ட்டை மூடிவிட்டுத்தான் அன்று சாப்பிடப் போனேன்.