நதிக்கு நாடி பார்த்தவர்!

நமக்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் நாடி பார்க்கிறார். ஆற்றுக்கு யார் பார்ப்பது?

இந்தக் கேள்விக்கு விடை தேடியே வாழ்நாள் முழுவதும் ஓடைகளில் இறங்கி நின்றவர் ரூத் பேட்ரிக். 1907-ல் அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா வக்கீல். ஓய்வு கிடைத்தால் மகளைக் கூட்டிக்கொண்டு ஓடைக்குப் போய் பாசி சேகரிப்பார். ஏழு வயது ரூத்துக்கு அவர் கொடுத்த பரிசு, ஒரு மைக்ராஸ்கோப்!

அதில் தெரிந்தவை டயாட்டம் எனும் நுண்பாசிகள். கண்ணாடி போன்ற ஓடு கொண்ட அவற்றைப் படித்தே டாக்டர் பட்டம் வாங்கினார். பிலடெல்பியா இயற்கை அறிவியல் அகாடமியில் வேலை கிடைத்தது, சம்பளம்தான் கிடைக்கவில்லை. 1945 வரை சம்பளமில்லாமலே உழைத்தார்.

பாட்டிலுக்குத் தெரியாதது

அந்தக் காலத்தில் ஆற்று நீரை பாட்டிலில் பிடித்து, ரசாயனப் பரிசோதனை செய்வதே வழக்கம். ஆனால், காலையில் பிடித்த தண்ணீர் காலை நேரத்துக் கதையை மட்டும்தான் சொல்லும். நள்ளிரவில் ஓர் ஆலை கழிவைத் திறந்துவிட்டு, விடிவதற்குள் மூடிவிட்டால்? பாட்டிலுக்குத் தெரியாது. கல்லுக்கடியில் குடியிருக்கும் பூச்சிக்கும் பாசிக்கும் தெரியும்.

1948-ல் பென்சில்வேனியாவின் கோனஸ்டோகா ஆற்றுப்படுகையை ஒரு குழுவோடு ஆராய்ந்தார் ரூத். பாசி, பூச்சி, மீன் என ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபுணர். முடிவு எளிமையானது. நல்ல ஓடையில் பல வகை உயிரினங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் அளவாக இருந்தது. கழிவு கலந்த ஓடையில் சில வகைகள் மட்டுமே மிஞ்சின; அவையே ஏராளமாகப் பெருகியிருந்தன. ஆக, எத்தனை உயிர்கள் என்பதைவிட எத்தனை வகை என்பதே முக்கியம்.

டயாட்டம்களை எண்ணுவதற்கு ஒரு கருவியும் உருவாக்கினார். கண்ணாடித் தகடுகள் செருகிய சின்னப் பெட்டி, அவ்வளவுதான். ஆற்றில் மிதக்கவிட்டுச் சில நாள் கழித்து எடுத்தால், தகட்டில் ஒட்டிய டயாட்டம்கள் ஆற்றின் நிலையைச் சொல்லிவிடும்.

நோய் வருவதற்கு முன்பே

1951-ல் பெரிய வேலை வந்தது. தென் கரோலினாவில் சவானா நதிக்கரையில், அணுகுண்டுக்கான புளூட்டோனியம் தயாரிக்கும் ஆலையை அமெரிக்க அரசு கட்டிக்கொண்டிருந்தது. அணு உலை இயங்கத் தொடங்கும் முன்பே நதியின் உயிரினங்களைக் கணக்கெடுத்தது ரூத்தின் குழு. ஆலைக்கு மேலேயும் கீழேயும் இடங்களைக் குறித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போனார்கள். அந்தக் கணக்கெடுப்பு அரை நூற்றாண்டைத் தாண்டியும் தொடர்ந்தது.

ஏன் இத்தனை வருடம்? ஒரு வருடம் பூச்சி வகைகள் குறைந்தால், வெள்ளம் அடித்துப்போயிருக்கலாம், வறட்சியாகவும் இருக்கலாம். மேலே குறையாமல், கீழே மட்டும் வருடா வருடம் குறைந்தால் சந்தேகம் ஆலை மீது திரும்பும். பழைய கணக்கு இல்லாவிட்டால், 'ஆறு எப்போதும் இப்படித்தான் இருந்தது' என்று யாரும் கைகழுவிவிடலாம்.

1996-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் பெற்றார் ரூத். 2013-ல் மறைந்தபோது அவருக்கு வயது 105.

அடுத்த முறை ஆற்றில் கால் நனைக்கும்போது ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். விதவிதமான பூச்சிகள் ஓடினால் சந்தோஷப்படுங்கள். வெறும் சிவப்புப் புழுக்கள் மட்டுமே நெளிந்தால் கவலைப்பட வேண்டிய விஷயம். கல்லை இருந்தபடியே வைத்துவிட்டு, பார்த்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த வருடமும் அதே இடத்துக்குப் போங்கள்!