பதினேழு படிகளும் ஒரு பெட்டகமும்

வீடு கட்டுவோர் வாசற்கதவைப் பற்றிப் பத்து நாள் யோசிப்பார்கள். சமையலறை எந்தத் திசையில் அமைய வேண்டுமெனச் சாத்திரம் கேட்பார்கள். பூசையறைக்கு நாளும் கோளும் பார்ப்பார்கள். மாடிப்படியைப் பற்றி மட்டும் எவரும் அதிகம் யோசிப்பதில்லை. எஞ்சிய மூலையில், எஞ்சிய பலகையைக் கொண்டு, எஞ்சிய பணத்தில் எழுவதே பெரும்பாலான வீடுகளில் மாடிப்படியாகும். ஆயினும் குழந்தையை இடுப்பில் ஏந்தியபடியும், இருட்டில் விளக்கின்றியும், தூக்கக் கலக்கத்திலும் நாம் நம்பிக் கால் வைக்கும் இடம் அதுவே அன்றோ?

இந்த உண்மையை எங்களுக்கு உணர்த்தியது ஒரு மாலைப் பொழுது. வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே செல்லும் ஓர் ஒழுங்கையில் உள்ளது எங்கள் வீடு. பழைய வீடு, மேல்மாடியும் பலகைத் தளம் கொண்டது. வீட்டில் எல்லோரும் 'ஆச்சி' என்று அழைக்கும் எங்கள் அன்னையார், எண்பது வயதைக் கடந்தவர், விளக்கேற்றும் நேரத்தில் மாடியிலிருந்து இறங்குகையில் கடைசிப் படியில் கால் தவறி விழுந்தார். எலும்பு முறியாதது இறைவன் செயல். ஆனால் ஒரு மாதம் அவர் கதிரையை விட்டு எழவில்லை. அந்த ஒரு மாதமும் அந்தப் படிக்கட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்களும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பரப்பும் பேர்ச்சும்

யாழ்ப்பாணத்தில் நாங்கள் வாழ்ந்தது நாற்சார் வீடு. நடுவே முற்றம், சுற்றிலும் திண்ணையும் அறைகளும். அங்கே மாடியும் இல்லை, மாடிப்படியும் இல்லை. நிலத்தைப் பரப்புக் கணக்கில் பேசிய எங்களைக் கொழும்பு பேர்ச்சுக் கணக்கில் பேசப் பழக்கியது. ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச்சு. ஊரில் மாட்டுக் கொட்டிலுக்கு விட்ட இடத்தில் இங்கே ஒரு குடும்பம் வாழ்கிறது. பக்கவாட்டில் விரிய வழியில்லாதபோது வீடு மேல்நோக்கி வளர்கிறது. அப்படி வளரும் வீட்டுக்கு முதுகெலும்பு மாடிப்படியே.

இடம் குறைந்தாலும் பொருள் குறைவதில்லை. பாய்கள், பொங்கற் பானை, பிள்ளைகளின் பழைய பாடப்புத்தகங்கள், விருந்தினருக்கென வைத்த தலையணைகள் எனப் பலவும் கட்டிலின் கீழும் கதவின் பின்னும் ஒளிந்துகிடந்தன. பழைய படியின் கீழே இருந்த இருண்ட மூலையோ கரப்பான்பூச்சிகளின் குடியிருப்பாக இருந்தது. படியை மாற்றுவதானால் அந்த மூலையையும் பயன்படுத்துவது என்று வீட்டில் எல்லோரும் கூடி முடிவு செய்தோம்.

இந்த எண்ணம் புதியதன்று. யப்பானில் 1603 முதல் 1868 வரை நிலவிய எடோ காலத்தில், முகப்பு ஒடுங்கிய வணிகர் வீடுகளில், படியும் அலுமாரியும் ஒன்றாய் அமைந்த ஒரு பொருள் வழக்கில் இருந்தது. அதற்குக் 'கைடன் டன்சு' என்று பெயர். முதற்சொல் படிக்கட்டையும் மற்றது அலுமாரியையும் குறிக்கும். ஒவ்வொரு படியின் வயிற்றிலும் ஓர் அறை. அதற்கு ஒரு கதவு. மேலே மனிதர் ஏறுவர். கீழே கணக்கேடும் துணியும் உறங்கும். இட நெருக்கடி எங்கெங்கு உண்டோ அங்கங்கு மனித மூளை ஒரே வழியைத்தான் கண்டுபிடிக்கிறது போலும்!

படிக்கும் ஒரு கணக்கு உண்டு

மொறட்டுவையிலிருந்து ஒரு தச்சரை அழைத்தோம். தலைமுறை தலைமுறையாகத் தளபாடம் செய்வதில் பெயர்பெற்ற ஊர் அது. வெள்ளவத்தை வீடுகளில் பல காலம் வேலை செய்து தமிழை நன்கு பழகியிருந்தார் அவர். நாங்கள் அவரை 'பாஸ்' என்று அழைத்தோம். மேலாளரைக் குறிக்கும் அந்தச் சொல் ஒல்லாந்தர் நமக்கு விட்டுச்சென்றது. 'லாச்சி' என்பதும் அவர்கள் தந்ததே. அலுமாரியும் கதிரையும் போர்த்துக்கேயர் தந்தவை. வந்தவர் போய்விட்டனர், சொற்கள் மட்டும் நம் வீட்டுப் பொருள்களாகிவிட்டன.

பாஸ் வந்ததும் மரத்தைப் பற்றிப் பேசவில்லை. அளவுகோலை எடுத்தார். கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம் வரை உயரம் 119 அங்குலம். பழைய படிகள் 14. ஆகவே ஒரு படியின் உயரம் சராசரி எட்டரை அங்குலம். மிதிக்கும் பலகையின் அகலமோ 8 அங்குலந்தான். "அம்மா, இது படி இல்லை, ஏணி" என்று ஆச்சியிடம் சொன்னார்.

மாணவர்கள் இங்கே ஒரு கணக்கைக் கவனிக்கலாம். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பிரான்சுவா புளொண்டெல் என்ற கட்டடக் கலைஞர் ஒரு விதி வகுத்தார். மனிதன் சமதரையில் வைக்கும் ஓரடி ஏறத்தாழ 24 அங்குலம். மேலே ஏறும் ஒவ்வோர் அங்குலமும் சமதரையின் இரண்டு அங்குலத்துக்கு ஈடான உழைப்பைக் கேட்கிறது. ஆகவே படியின் உயரத்தை இரட்டித்து, அதனோடு மிதிபலகையின் அகலத்தைக் கூட்டினால் 24 அல்லது 25 அங்குலம் வர வேண்டும். எங்கள் புதிய படிக்கு 119ஐ 17ஆல் வகுத்தோம். சரியாக 7 அங்குலம். மிதிபலகை 10 அங்குலம். இரு மடங்கு 7உம் 10உம் சேர்ந்தால் 24.

ஆனால் இந்த ஒரு விதியை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். பழைய படியையும் கூட்டிப் பாருங்கள்: இரு மடங்கு எட்டரை 17, அதனோடு 8 சேர்ந்தால் 25. கணக்கில் தேறிவிடுகிறது, காலில் தோற்றுவிடுகிறது! எனவே இரண்டாவது விதியும் வேண்டும். இறங்கும்போது பாதம் நன்றாகப் பதிய, மிதிபலகை 10 அங்குலமாவது இருத்தல் நன்று. மூன்றாவது விதி எல்லாவற்றிலும் முக்கியமானது: எல்லாப் படிகளும் ஒரே உயரமாய் இருக்க வேண்டும். இரண்டு மூன்று படி இறங்கியதும் கால் அந்த உயரத்தை மனப்பாடம் செய்துகொள்கிறது. பின்னர் ஒரு படி அரை அங்குலம் வேறுபட்டாலும் கால் தடுமாறும். எங்கள் வீட்டில் பிற்காலத்தில் தரைக்கு ஓடு பதித்தபோது கடைசிப் படியின் உயரம் குறைந்துபோயிற்று. ஆச்சி விழுந்தது முதுமையால் அன்று. அந்தக் குறைந்துபோன உயரத்தால்தான்.

பதினேழு என்ற எண்ணைக் கேட்டதும் ஆச்சிக்கு மகிழ்ச்சி. கொலுப்படி ஆயினும் மாடிப்படி ஆயினும் எண்ணிக்கை ஒற்றைப்படையாய் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. பிரெஞ்சுக் கலைஞரும் யாழ்ப்பாணத்து ஆச்சியும் ஒரே விடைக்கு வந்து சேர்ந்தது எங்கள் வீட்டில் அன்றுதான்.

மரமும் உப்புக்காற்றும்

கடலோரத்து வீட்டில் இரும்பாணி நெடுநாள் நிற்பதில்லை. உப்புக்காற்று அதைத் தின்றுவிடும். ஆகவே பொருத்துகளில் மரமுளையும் பித்தளைத் திருகாணியும் பயன்படுத்தினோம். மரத்துக்குப் பலாவைத் தேர்ந்தோம். மஞ்சள் நிறம் நாளடைவில் செம்பழுப்பாக முதிரும் மரம் அது; வயிரம் பாய்ந்த பலாவைக் கறையான் எளிதில் அணுகாது. பலா மரத்தை நினைத்தபடி வெட்ட இந்நாட்டில் சட்டம் இடந்தராது. 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். நாங்கள் புது மரம் தேடவில்லை. இடிக்கப்பட்ட ஒரு பழைய வீட்டின் பலா வளைகளை வாங்கினோம். பல ஆண்டு காய்ந்த மரம் இனிமேல் முறுகுவது அரிது, விலையும் குறைவு. பழைய ஆணிகள் உள்ளே இருக்கின்றனவா என்று காந்தம் கொண்டு பார்த்த பின்பே பாஸ் வாளை வைத்தார்.

மரம் நீளவாக்கில் பெரும்பாலும் மாறுவதில்லை. அகலவாக்கில்தான் மழைக்காலத்தில் பருத்து வெயிற்காலத்தில் சுருங்கும். லாச்சிகளைச் சுற்றி நூலளவு இடைவெளி விடாவிட்டால், மாரியில் அவை திறக்க மறுக்கும். லாச்சி ஓடும் தண்டவாளத்தில் மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டால் பட்டுப்போல் ஓடும். இது பாஸ் கற்றுத்தந்த இரகசியம்.

படி நீண்டதால் மேல்தளத்தின் திறப்பையும் பெரிதாக்க வேண்டியிருந்தது. ஏறுவோரின் தலைக்கு மேல் 6 அடி 8 அங்குலமாவது வெளி இருத்தல் வேண்டும். இதற்காக மாடியைத் தாங்கும் சட்டம் ஒன்றை வெட்ட நேர்ந்தது. இத்தகைய வேலையைத் தச்சரின் துணிவில் மட்டும் விடலாகாது. பொறியியலாளர் ஒருவர் வந்து பார்த்து, குறுக்குச் சட்டம் இட்டுப் பாரத்தை அயற்சட்டங்களுக்குப் பகிர்ந்த பின்னரே வெட்டினோம். கொங்கிறீற்றுத் தளமாயின் இந்த எச்சரிக்கை இன்னும் பன்மடங்கு வேண்டும்.

பெட்டகத்தின் வழக்கு

இனி, எங்கள் வீட்டில் மிகுந்த விவாதத்தைக் கிளப்பிய பொருளுக்கு வருகிறோம். அது ஒரு சிறிய பெட்டகம். வன்னி முதிரை மரத்தால் ஆனது. கீழே மரச்சில்லுகள் கொண்டது. ஆச்சியின் திருமணச் சீதனமாக வந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் யாவரும் வீடுகளை விட்டு வெளியேறியபோது, நாங்களும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு நடந்தோம். காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் பரீட்சைச் சான்றிதழ்களும் ஒரு துணிப்பையில் ஆச்சியின் தோளில் வந்தன. பெட்டகம் வரவில்லை. 2002இல் ஏ9 வீதி திறந்த பின் ஊர் சென்று பார்த்தோம். கூரையற்ற வீட்டில், பிணைச்சல் உடைந்து, வெறுமையாய் அது நின்றது. லொறியில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுவந்தோம்.

இந்தப் பெட்டகத்தைப் பிரித்து, நல்ல முதிரைப் பலகைகளைப் படிக்குப் பயன்படுத்தலாம் என்று எங்களுள் சிலர் கூறினர். வாதம் நியாயமானதே; வைக்க இடம் ஏது? ஆச்சி நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு பாஸைப் பார்த்து, "தம்பி, அதை உடைக்காதேங்கோ. அதுக்கு ஒரு வேலை குடுங்கோ" என்றார்.

பாஸ் பெட்டகத்தை அளந்தார். உயரம் சில்லுகளுடன் 30 அங்குலம். நீளம் மூன்றடிக்குச் சற்றுக் குறைவு. ஐந்து படி ஏறியதும் திரும்புவதற்கு மூன்றடிச் சதுரத்தில் ஒரு தளம் அமைவதாக ஏற்கனவே திட்டம். ஐந்தேழு 35. தளத்தின் பலகையும் சட்டமும் போக 31 அங்குலம் எஞ்சியது. பெட்டகம் அதன் கீழே அளவெடுத்துச் செய்ததுபோல் நுழைந்தது! மூடியைத் திறக்க வேண்டுமானால் சில்லில் உருட்டி வெளியே இழுத்தால் போதும். எங்கள் படிக்கட்டின் முதலாவது லாச்சி சீதனப் பெட்டகமேயாயிற்று.

அதற்கு அடுத்த இடத்தில் நான்கு லாச்சிகள். படி உயர்ந்துசெல்லும் பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஓர் அலுமாரி. பாய்களும் தலையணைகளும் துடைப்பமும் அதில் அடங்கின. புத்தகங்களையும் குத்துவிளக்கையும் அங்கே வைக்க ஆச்சி இணங்கவில்லை. கால் மிதிக்கும் பலகையின் கீழே அவற்றை வைக்கலாகாது என்றார். அவற்றுக்கு மேல்மாடிச் சுவரில் தனித் தட்டு அமைத்தோம்.

வேறு சிலவற்றையும் நாங்களே விலக்கினோம். மண்ணெண்ணெய், எரிவாயுச் சிலிண்டர், தீப்பற்றும் வர்ணம் ஆகியவை படியின் கீழே இருத்தல் ஆகாது. தீ விபத்து நேர்ந்தால் மேலே இருப்போர் இறங்க உள்ள ஒரே வழி அதுதான். அலுமாரிக் கதவுகளில் காற்றோட்டத்துக்குத் துளைகள் இட்டோம். கைபிடியை 36 அங்குல உயரத்தில் அமைத்தோம். கைபிடிக் கம்பிகளின் இடைவெளியை, குழந்தையின் தலை நுழையாதபடி, 4 அங்குலத்துக்குள் அடக்கினோம்.

பட்டறையில் அறுத்து இழைத்த பாகங்கள் வந்து சேர்ந்த பின் பொருத்துவதற்கு மூன்று நாள் சென்றது. அந்த மூன்று இரவும் குடும்பம் முழுவதும் கீழே ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தோம். பிள்ளைகளுக்கு அது திருவிழா. நான்காம் நாள் காலை ஆச்சி கைபிடியைப் பற்றி, வாய்க்குள் எண்ணியபடி, பதினேழு படியும் ஏறினார், ஏறியபடியே இறங்கினார். கடைசிப் படியில் ஒரு கணம் நின்றார். பிறகு காலை வைத்தார். கால் நினைத்த இடத்தில் தரை இருந்தது.

அன்று மாலை அவர் செய்த காரியம் எங்களில் எவரும் எதிர்பாராதது. 1995 முதல் கட்டியபடியே தம் கட்டிலின் கீழ் வைத்திருந்த துணிப்பையை எடுத்துவந்தார். வீடு மாறிய போதெல்லாம் அந்தப் பை அவிழ்க்கப்பட்டதில்லை. பெட்டகத்தை வெளியே உருட்டச் சொன்னார். உறுதிகளையும் சான்றிதழ்களையும் ஒவ்வொன்றாய் எடுத்து அதனுள் அடுக்கினார். இறுதியில் வெறும் பையையும் மடித்து மேலே வைத்து மூடினார்.

பொருள்களுக்கு இடம் தேடித்தான் இந்த வேலையை நாங்கள் தொடங்கினோம். வீட்டில் புதிதாய்ப் படி அமைக்க எண்ணும் அன்பர்களுக்கு நாங்கள் கூறக்கூடியது இதுவே: முதலில் உங்கள் வீட்டு மூத்தவரின் காலை அளந்துகொள்ளுங்கள், பிறகு மரத்தை அளக்கலாம்.