இருட்டில் ஆழம் பார்க்கும் கை

குமரி மாவட்டத்தின் கீரிப்பாறையிலும் குலசேகரத்திலும் ரப்பர் தோட்டத்துக்குள் சூரியனுக்கு முன்பே தலைவிளக்குகள் வந்துவிடுகின்றன. வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறையும், பாலும் குறையும். அதனால்தான் இந்த அகால வேலை. ஒரு மரத்தின் மூட்டில் நின்று, பழைய வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுத்துவிட்டுக் கத்தியை வைக்கிறார் வெட்டுக்காரர். இடது மேலிருந்து வலது கீழாகச் சரியும் கோட்டில் சிறு சிறு இழுப்புகள். பட்டை நாராகச் சுருண்டு விழுகிறது. கோடு வெளுத்து, துளிர்த்து, தகரம் வழியே சிரட்டைக்குள் பால் சொட்டத் தொடங்கும்போது அவர் அடுத்த மூட்டுக்குப் போய்விட்டார்.

இதில் எவ்வளவு நுணுக்கம் இருக்கிறது என்று கவனித்தால் மலைப்பாக இருக்கும். பால் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில்தான் நெருக்கமாக ஓடுகின்றன. அதற்கும் உள்ளே, கட்டையை ஒட்டி, மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம். கத்தி அந்தப் படலத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் முன்னால் நின்றுவிட வேண்டும். மேலாகச் சீவினால் பால் வராது. ஆழம் போனால் மரத்தில் புண். அரையிருட்டில் இந்த அளவைக் கண்ணால் எடுக்க முடியாது. கத்தி வழியாகக் கைதான் அதை உணர்கிறது. நாளுக்கு 300 மரம், ஆண்டுக்கு 100 நாள் என்று குறைத்து வைத்தாலும் 30,000 வெட்டு. கை தெளிவது அப்படித்தான்.

தெளிந்த கையின் அறிவு மூளையில் எங்கே தங்குகிறது? அமெரிக்காவின் ஹென்றி மொலைசனுக்கு 1953இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன்பின் புதிய நினைவு எதுவும் அவரிடம் தங்கவில்லை. கனடாவின் பிரெண்டா மில்னர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்தபடி அதன் கோடுகளுக்கு இடையே பென்சிலை ஓட்டச் சொன்னார். மூன்று நாள் பயிற்சி. முந்தைய நாள் வரைந்ததே மொலைசனுக்கு நினைவில்லை. ஆனால் பிழைகள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தன. நடந்ததை நினைவில் வைக்கும் இடம் வேறு, செய்து பழகியது சேரும் இடம் வேறு என்பது அப்போது தெளிவானது. பழக்கத்தில் பெரும்பங்கு மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்கிலியாவுக்கும் பின்புறச் சிறுமூளைக்கும் உரியது.

வெட்டுக்காரரின் பழக்கம் கைத்திறனோடு முடிந்துவிடுவதில்லை. ஆழமாக வெட்டினால் இன்றைக்குப் பால் கூடும் என்பது தொழிலாளிக்குத் தெரியும். இன்று யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது. பட்டை மீண்டும் வளர்ந்து, பல ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் கத்தி வைக்கும்போதுதான் பழைய புண்கள் முண்டும் முடிச்சுமாக எழுந்து நிற்கும். அங்கே நேராக வெட்டவே முடியாது. அதிகாலைத் தனிமையில், ஒவ்வொரு மரத்திலும், கிடைக்கக்கூடிய கொஞ்சம் பாலை விட்டுக்கொடுத்துக் கையை நிறுத்துவதை நேர்மை என்றே சொல்ல வேண்டும். இந்த நேர்மை ஒருவருக்குப் பிறவியிலேயே வாய்த்தது என்பதைவிட, முப்பதாயிரம் முறை கையை நிறுத்தி நிறுத்திப் படிந்தது என்பதே நம்பும்படி இருக்கிறது.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலி குழு 96 பேரைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. சாப்பாட்டோடு ஒரு பழம், இரவு உணவுக்கு முன் ஓட்டம் என்று தினமும் ஒரே வேளையில் ஒன்றைச் செய்தவர்களுக்கு, அது யோசிக்காமலே நடக்கச் சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வித்தியாசம். நடுவே ஒரு நாள் தவறியது பெரிதாகக் கெடுக்கவில்லை. ஒரு நாள் நடைப்பயிற்சி விட்டுப்போனதும் செருப்பைப் பரணில் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டு பருவமழையும் பெய்கிற குமரி மாவட்டத்தில் வெட்டு தவறும் நாட்கள் ஏராளம். இலையுதிர் காலத்தில் மரத்துக்கே ஓய்வு. ஓய்வு முடிந்து கத்தி வைத்தால் முதல் சில வெட்டுகளுக்குச் சிரட்டையில் பால் குறைவாகத்தான் சேரும். மரத்துக்கு மூளை இல்லை, அதன் உடற்கூறு வேறு. ஆனாலும் வெட்ட வெட்டத்தான் அதற்கும் பால் கூடுகிறது.