ஒரே நாளில் 49 செ.மீ.! தாம்பரத்து வானத்தைத் தெரியுமா?

2015, டிசம்பர் 1. செவ்வாய்க்கிழமை. அன்று காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரை, சென்னையை ஒட்டிய தாம்பரத்தில் கொட்டிய மழை எவ்வளவு தெரியுமா? 49 சென்டிமீட்டர்!

லண்டனில் வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 60 செ.மீ.தான். கெய்ரோவில்? ஆண்டுக்கு இரண்டரை செ.மீ. தேறினாலே பெரிய விஷயம். கெய்ரோக்காரர் 20 வருஷம் காத்திருந்து பார்க்கிற மழையைத் தாம்பரத்துக்காரர் ஒரே நாளில் பார்த்துவிட்டார்!

இன்னும் நம்பவில்லையா? ஒரு கிரவுண்டு மனை போட்டுக் கணக்குப் பாருங்கள். 2,400 சதுர அடி. அதில் அன்று விழுந்த தண்ணீர் ஏறத்தாழ 1 லட்சத்து 10 ஆயிரம் லிட்டர்! 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்பது வந்து கவிழ்த்துவிட்டுப் போன மாதிரி. அதுவும் ஓசியில்! மே மாதத்தில் ஒரு லோடுக்காக லாரிக்காரருக்குப் போன் மேல் போன் போடுகிறவர்கள் பெருமூச்சு விடலாம்.

அதே நாளில் சென்னை நுங்கம்பாக்கத்தில் எவ்வளவு? 29 செ.மீ.! மின்சார ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாத தூரம். அதற்குள் 20 செ.மீ. வித்தியாசம்!

அதென்ன காலை எட்டரை என்கிறீர்களா? வானிலைத் துறைக்கு மழை நாள் முடிவது அப்போதுதான். செவ்வாய் ராத்திரி தூங்கவிடாமல் பெய்த மழை புதன்கிழமைக் கணக்கில்தான் ஏறும்!

சரி, அந்தப் புதன்கிழமை அச்சாகாமல் போன பேப்பர் எது தெரியுமா? 1878இல் தொடங்கிய ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ்! அச்சகம் மறைமலை நகரில். ஜி.எஸ்.டி. ரோட்டில் வெள்ளம். வேலைக்கு ஆட்கள் போய்ச் சேர முடியவில்லை. உலகச் செய்தியெல்லாம் கைவசம் இருந்தும் சென்னைப் பதிப்பு வரவில்லை!

தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அந்த வாரம் தெருவில் ஓடியது படகு! ஏன் அங்கே அப்படி? ஆதனூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பினால் தண்ணீர் அடையாற்றில்தான் இறங்கும். அந்த ஆறு இந்த ஊர்களை ஒட்டித்தான் கடலுக்குக் கிளம்புகிறது. மொத்த நீளமே நாற்பது கிலோமீட்டர் சொச்சம். குட்டி ஆறுதான், ஆனால் அது காட்டிய கோபம் அம்மாடி!

ஏதோ ஒருமுறை நடந்தது என்று நினைத்தால் தப்பு. 2020 நவம்பர், நிவர் புயல். கரை கடந்தது புதுச்சேரிக்குப் பக்கத்தில். தாம்பரத்தில் பெய்ததோ 31 செ.மீ.! மறு வருஷம், 2021 நவம்பர் 11 காலைக் கணக்கு: தாம்பரம் 23 செ.மீ.! மழைக்கு இந்த ஊர்மேல் தனிப் பாசம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மேகம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தே மாதத்தைச் சொல்லலாம், தெரியுமா? ஆடி, ஆவணியில் சாயங்காலம் படப்பைப் பக்கம், அதாவது மேற்கே, கறுத்துக்கொண்டு வரும். இடி இடிக்கும், புழுதி பறக்கும், ஒரு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அப்படியே தலைகீழ்! மேடவாக்கம் பக்கமிருந்து, கடல் மேகம். ராத்திரியில் தரை குளிர்ந்த பிறகுதான் அதற்கு வேகம் பிடிக்கும். விடியற்காலையில் அடித்து ஊற்றிவிட்டு, பத்து மணிக்கு ஒன்றும் தெரியாததுபோல் வெயில் காயும்! ரெயின்கோட்டோடு கிளம்பியவர் பல்லாவரம் தாண்டுவதற்குள் வேர்த்து வழிவார்.

மழைக்கு வெளியே வந்தது மனிதர்கள் மட்டுமா? 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் ராத்திரி. பெருங்களத்தூர் பக்கம் நெடுங்குன்றம் சாலையில் கார்க்காரர் ஒருவர் கண்ணில் பட்டது என்ன தெரியுமா? முதலை! வெளிச்சத்தில் நிதானமாக ரோட்டைக் கடந்து புதருக்குள் போனது. வண்டலூர் உயிரியல் பூங்காவிலிருந்து தப்பியதோ என்று ஊரே அலறியது. ஆனால் அந்தப் பக்கத்து நீர்நிலைகளில் முதலைகள் ஏற்கெனவே உண்டு!

அதே வண்டலூரை 2016 டிசம்பர் 12 அன்று புரட்டிப் போட்டது வர்தா புயல். பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன! அந்தப் பெயரைக் கொடுத்தது பாகிஸ்தான். பொருள்? சிவப்பு ரோஜாவாம்!

இன்னொரு வேடிக்கை. தாம்பரத்துக்குக் காசநோயாளிகளை அழைத்து வந்ததே இதன் காற்றுதான்! 1928இல் டாக்டர் சௌரி முத்து இங்கே சானடோரியம் தொடங்கினார். மாத்திரை வராத காலம், நல்ல காற்றும் வெளிச்சமுமே மருந்து. இன்றும் அங்கே ரயில் நிலையத்தின் பெயரே தாம்பரம் சானடோரியம்! உலகில் எத்தனை ஸ்டேஷனுக்கு ஆஸ்பத்திரிப் பெயர் இருக்கிறது, சொல்லுங்கள்?

கடைசியாக, பிள்ளைகளுக்குப் பிடித்த சமாசாரம், மழை லீவு. மீனம்பாக்கம் சென்னை மாவட்டம். அடுத்தாற்போல் இருக்கும் பல்லாவரம் செங்கல்பட்டு மாவட்டம். தலைக்கு மேலே ஒரே மேகம், ஆனால் லீவு விடும் கலெக்டர்கள் இரண்டு பேர்! விடியற்காலை ஐந்து மணிக்கே டிவியில் ஓடும் எழுத்தைப் பார்த்தபடி தாம்பரத்து வீடுகளில் என்ன கேள்வி ஓடும் தெரியுமா? “அம்மா, நம்ம ஸ்கூல் எந்த மாவட்டம்?”