மண்ணிற் கலந்த பீனால் நஞ்சுகளை அளந்தறிதல்

பீனால் என்பது ஒரு பொருளின் பெயராயினும், ஓர் இனத்திற்கும் பொதுப்பெயராக வழங்குகிறது. நிலக்கரித் தாரினின்று கிரெசால்கள் வருகின்றன. மரத்தைப் பூஞ்சணம் அழிக்காவண்ணம் பூசப்பட்டு வந்த பென்டாகுளோரோபீனால், 2015-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் விலக்குப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. களைக்கொல்லியாகிய 2,4-டி மண்ணிற் சிதையுங்கால் 2,4-டைகுளோரோபீனால் உண்டாகிறது. ஆகவே, பயிர் கருகிய நிலத்தில் பீனால் உளதென்று மாத்திரம் அறிந்தாற் போதாது. எவ்வகைப் பீனால், எவ்வளவு என்று தெரிந்தாலன்றி, அது வந்த வழியைக் கூற இயலாது.

மக்கும் வைக்கோலிலும் தழையிலும் இயற்கையாகவே சில பீனால்கள் உண்டாகின்றன. சாதாரண நிறப் பரிசோதனை அவற்றையும் ஆலை நஞ்சையும் ஒன்றாகக் கூட்டிக் காட்டும். தனித்தனியே பிரித்துக் காட்டுவது, ஜேம்ஸ், மார்ட்டின் என்னும் இருவர் 1952-இல் வெளியிட்ட வாயு குரோமட்டோகிராபி முறையேயாம்.

மண்ணிலுள்ள பீனால்களை முதலில் தக்க திராவகங்களாற் பிரித்தெடுப்பர். அவை கருவியினுள் ஒட்டிக்கொள்ளும் இயல்பின ஆதலால், அஸிடிக் அன்ஹைட்ரைடு சேர்த்து, எளிதில் ஆவியாகும் அஸிடேட்டுகளாக மாற்றுவர். அதில் ஒரு துளியினும் மிகச் சிறிய அளவைச் சூடான கருவியிற் செலுத்த, அது ஆவியாகி, ஹீலியம் முதலிய வாயுவினால் உந்தப்பட்டு, சுமார் 30 மீட்டர் நீளமுள்ள மெல்லிய குழாய் வழியே செல்லும். குழாயின் உட்பூச்சில் ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு நேரம் தங்கி, ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும். வெளிவரும் நேரம் பொருளின் வகையையும், வரைபடத்தில் எழும் முகட்டின் பரப்பு அதன் அளவையும் குறிக்கும். அளவு தெரிந்த தூய பொருளுடன் ஒப்பிட்டே கணக்கிடுவர்.

கருவி எத்துணை நுட்பமாயினும், அதற்கு அளித்த மண்ணைப் பற்றியே பேசும். ஆதலால் மாதிரி எடுப்போர் கவனிக்க வேண்டியவை:

1. மண்ணைக் கண்ணாடிச் சீசாவில் நிரப்பி இறுக மூடுக. பிளாஸ்டிக் பை ஆகாது.

2. வெயிலில் உலர்த்தற்க, சில பீனால்கள் ஆவியாய்ப் போகும்.

3. பனிக்கட்டியில் வைத்துத் தாமதமின்றி அனுப்புக. இன்றேல் நுண்ணுயிர்கள் நஞ்சைச் சிதைத்து அளவைக் குறைத்துவிடும்.

4. கேடுறாத அண்டை நிலத்தில், அதே வகை மண்ணினின்று மற்றொரு மாதிரியும் எடுக்க.

5. சர்வே எண், ஆழம், தேதி, கடைசியாகத் தெளித்த மருந்து ஆகியவற்றை எழுதி, கிராம அதிகாரி முன்னிலையில் முத்திரையிடுக.

தாமே தெளித்த களைக்கொல்லியை மறைப்பதாற் பயனில்லை. வரைபடம் அதனை வெளிப்படுத்திவிடக்கூடும். ஒழுங்காக எடுத்த மாதிரியே நஷ்டஈடு கோரும் மனுவிற்கு உறுதியான ஆதாரமாகும்.