வீடு கட்டித் தருவதும், கட்ட விடுவதும்

அட்டப்பாடி என்றதும் நம்மவர்களுக்குச் சிறுவாணித் தண்ணீர்தான் ஞாபகம் வரும். கோயம்புத்தூர் குடிக்கிற அந்தத் தண்ணீர் வருகிற மலைப்பக்கம்தான் அது. பாலக்காடு மாவட்டத்தில் சுமார் 745 சதுர கிலோமீட்டர் பரப்பு. இருளர், முடுகர், குறும்பர் என மூன்று பழங்குடியினர் அங்கே வாழ்கிறார்கள். தங்கள் குடியிருப்பை அவர்கள் 'ஊரு' என்கிறார்கள். குறிஞ்சி நிலத்து ஊரைச் சிறுகுடி என்பார்கள் நம் இலக்கண நூலார். நிகண்டைப் புரட்டியபோது விளங்காத அந்தச் சொல், மலையேறிப் போனபோதுதான் எனக்கு விளங்கியது.

நான் போனதென்னவோ ஆராய்ச்சிக்காக அல்ல, பாக்கி வசூலுக்காக. வந்தவாசிப் பக்கத்து நயினாராகிய நான் மண்ணார்க்காட்டில் சிமென்டு, ஷீட்டுக் கடை வைத்திருந்தேன். 1990களில் ஒரு காண்டிராக்டர் அரசு வீடுகளுக்காக என்னிடம் கடனில் சரக்கெடுத்தார். விலை குறைய வேண்டும் என்று கேட்டார், நானும் இரண்டாம் தரத்து ஷீட்டாகவே கொடுத்தேன். போய்ப் பார்த்தால், அந்த வீடுகளில் ஆடுகள் கட்டிக் கிடந்தன. மனிதர்கள் பக்கத்தில் மூங்கில் தட்டி வைத்து, மண் பூசி, புல் வேய்ந்த குடிசையில் இருந்தார்கள்.

"ஏன் மூப்பரே, உள்ளே இருக்கலையா?" என்றேன்.

"அதுக்குள்ள அடுப்பு வெக்க எடமில்லே மொதலாளி. பகல்ல ஷீட்டு கொதிக்குது. ஆடு வாயத் தொறந்து சொல்லாது, அதான் கட்டிப் போட்டோம்" என்றார் பெரியவர். ஷீட்டு என் கடைச் சரக்கு என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

இந்திரா ஆவாஸ் திட்டம் 1985இல் தொடங்கியது. காண்டிராக்டர் கூடாது, பயனாளியே கட்ட வேண்டும் என்பது அதன் விதி. அப்புறம் அவர் எப்படி வந்தார்? பணம் தவணை தவணையாக வரும். அஸ்திவாரம் முடிந்தால் ஒன்று, சுவர் எழும்பினால் ஒன்று. கையில் முதல் இல்லாதவன் அஸ்திவாரத்தை எதை வைத்துப் போடுவான்? அதோடு சுமைகூலி வேறு. முக்காலிக்கு அப்பால் குறும்பர் ஊர்களுக்குச் சிமென்டு மூட்டை தலைச்சுமையாகத்தான் போக வேண்டும். முன்பணமும் லாரியும் வைத்திருக்கிறவன் உதவிக்கு வருகிறான், விதி காகிதத்தோடு நின்றுவிடுகிறது.

1996இல் ஜப்பானியக் கடனுதவியோடு அட்டப்பாடி மலைப் பகுதி வளர்ச்சிச் சங்கம், சுருக்கமாக 'அஹாட்ஸ்', வேலை தொடங்கியது. காடு வளர்ப்பதும் மண்ணைக் காப்பதும்தான் அதன் முதல் நோக்கம். வீடு கட்டும் வேலையை மட்டும் அவர்கள் காண்டிராக்டரிடம் விடாமல், அந்தந்த 'ஊரு விகாசன சமிதி'யிடம் விட்டார்கள். இது புதுசு என்று பலர் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊருக்கு மூப்பன், கருவூலத்துக்கு வண்டாரி, ஆள் கூட்டக் குறுதலை, விதைப்புக்கு மண்ணுக்காரன் என்று அவர்களிடம் முன்பே நிர்வாகம் இருந்ததே! கணக்கு வைக்கத் தெரியாத ஜனங்கள் என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்படி ஒரு சமிதியிலிருந்து மூன்று பேர் என் கடைக்கு வந்தார்கள், அதில் ஒருவர் பெண். ஏற்கெனவே இரண்டு கடையில் விலை கேட்டுவிட்டு வந்திருந்தார்கள். நான் காட்டிய ஷீட்டை அந்த அம்மா விரலால் தட்டிப் பார்த்து, "இது ஆட்டுக்கு" என்றார். முப்பது வருஷ வியாபாரத்தில் அப்படி யாரும் என்னைத் தட்டிக் கேட்டதில்லை. நல்ல சரக்கையே எடுத்துக் கொடுத்தேன், லாபமும் கொஞ்சம்தான்.

எல்லா வீடும் நன்றாக அமைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஊருக்கு ஊர் வித்தியாசம் இருந்தது. மூப்பன் சொல் எடுபடாத இடத்தில் பழையபடி வெளியாள் புகுந்ததையும் பார்த்தேன்.

இப்போது 2023 நவம்பரில் தொடங்கிய பிரதமர் ஜன்மன் திட்டம் இருக்கிறது. மிக நலிந்த பழங்குடிகள் என்று பட்டியலிட்ட 75 பிரிவினருக்கு 4.90 லட்சம் வீடுகள், வீட்டுக்கு 2.39 லட்சம் ரூபாய் என்பது அதன் கணக்கு. அட்டப்பாடியில் குறும்பர் இந்தப் பட்டியலில் உண்டு. இருளர் தமிழ்நாட்டுப் பட்டியலில் இருக்கிறார்கள், கேரளப் பட்டியலில் இல்லை. ஆனைகட்டி ஊரோ இரண்டு மாநிலத்திலும் கிடக்கிறது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஒரே சனம், எல்லைக்கு அந்தப் பக்கம் நலிந்தவர், இந்தப் பக்கம் அப்படி இல்லை. கணக்கெடுக்க வருகிறவர்கள் இதை மூப்பரிடம் எப்படித்தான் சொல்லிப் புரிய வைக்கிறார்களோ!