சிறிய காரும் அதன் உடைமையாளனும்

மினி என்னும் பெயருடைய சிறிய காரைப் பற்றி மாணவர்களுக்குச் சில செய்திகளைக் கூற விரும்புகிறேன். அத்தகைய பழைய கார் ஒன்றை இங்கிலாந்தில் சில ஆண்டுகள் வைத்திருந்து, என் கையாலேயே பழுது பார்த்தவன் நான்.

1956ஆம் ஆண்டில் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் அந்நாட்டில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. சிறிது பெட்ரோலில் நால்வரை ஏற்றிச் செல்லும் காரை அமைக்கும் பொறுப்பு அலெக் இஸ்ஸிகோனிஸ் என்ற பொறியியலாரிடம் வந்து சேர்ந்தது. 1959இல் வெளிவந்த அக்கார் ஏறத்தாழப் பத்து அடி நீளமே உடையது.

இத்துணைச் சிறிய கூட்டில் நால்வருக்கு இடம் எங்கிருந்து வந்தது? எஞ்சினை அவர் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்ப்பெட்டியை அதன் அடியிலேயே புகுத்தினார். முன்சக்கரங்களே காரை இழுத்துச் செல்வதால், பின்புறம் நோக்கி நீளும் சுழல்தண்டு வேண்டாததாயிற்று. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்கின்றன. இடம் மிஞ்சியது உண்மையே. ஆனால் பற்சக்கரங்கள் தேய்ந்து உதிர்க்கும் இரும்புப் பொடியும் அதே எண்ணெயில்தான் கலக்கிறது. எண்ணெயை வடிக்கும் திருகில் காந்தம் ஒன்று உண்டு. எண்ணெய் மாற்றும்போதெல்லாம் அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் கவலையில்லை. விரலில் குத்தும் துணுக்கு கிடைத்தால், உள்ளே ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது என்பது பொருள்.

மழையும் இக்காருக்குப் பகை. மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்புறக் கம்பித்தட்டிக்கு நேர்பின்னே இருப்பதால், தெறிக்கும் நீர் அதை நனைத்து எஞ்சினை நிறுத்திவிடும். பாத்திரம் துலக்கும் ரப்பர்க் கையுறையின் விரல் நுனிகளை வெட்டி, கம்பிகளை அவற்றின் வழியே விட்டு அதனை மூடிவைப்பது உடைமையாளர் பலர் அறிந்த உபாயம்.

பழைய காரை வாங்கச் செல்வோர் காந்தம் ஒன்றைக் கையில் கொண்டு செல்லுதல் நலம். இக்காருக்குத் தனிச் சட்டகம் இல்லை. தகட்டு உடலே சுமையைத் தாங்குகிறது. கதவின் அடியில் ஓடும் விளிம்பு துருப்பிடிப்பது அழகுக் குறை மட்டுமன்று. மோதல் நேரின் உள்ளிருப்போரின் உயிர்க் காப்பே குறைந்துவிடும். ஓட்டையைப் பசையால் அடைத்து வண்ணம் பூசினால் கண் ஏமாறும். காந்தமோ பசையில் ஒட்டாது. நான் வாங்கவிருந்த காரில் ஒரு சாண் நீளத்திற்குக் காந்தம் ஒட்டாமல் விழுந்தது. பற்றவைக்கும் கூலியைக் கணக்கிட்டு விலையைக் குறைத்துக் கேட்டேன். விற்றவர் மறுபேச்சின்றி இசைந்தார்!

இனி வேகத்திற்கு வருவோம். பந்தயக் கார்களை அமைத்த ஜான் கூப்பரின் துணையோடு 1961இல் மினி கூப்பர் வெளிவந்தது. அவ்வினத்துக் கார்கள் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மாண்டி கார்லோ பந்தயத்தை வென்றன. இதைக் கேட்ட இளைஞர் பலர் தம் சாதாரண மினிக்கும் எஞ்சின் ஆற்றலைக் கூட்ட ஆசைப்படுவர். அவர்கள் முதலில் ஒரு கணக்குப் போட வேண்டும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வது. மணிக்கு 60 மைல் வேகம் 90 ஆகும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்காகிறது. அவ்வளவும் வெப்பமாக மாறும். டிரம் பிரேக்கில் அவ்வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை. மீண்டும் மீண்டும் மிதிக்கையில் பிடிமானம் தளர்ந்துபோகும். கூப்பருக்கு முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் அமைத்தது இதனாலேதான்.

நானும் டிஸ்க் பிரேக்கைப் பொருத்திய பின்னரே கார்புரேட்டரைத் தொட்டேன். இதில் சரிவான ஊசி ஒன்று ஏறியிறங்கிப் பெட்ரோலை அளந்து விடுகிறது. காற்று தாராளமாக நுழையும் வடிகட்டியை அமைத்தால் ஊசியையும் மாற்ற வேண்டும். இன்றேல் பெட்ரோல் போதாமல் எஞ்சின் அளவுமீறிச் சூடேறும். புது ஊசியிட்டுச் சில மைல் ஓட்டி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பேன். நுனி வெளுத்திருந்தால் காற்று மிகுதி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. காப்பிப்பொடி நிறம் வருவதற்குள் மூன்று ஊசிகளை மாற்ற நேர்ந்தது.